இரவு பதினொரு மணிக்கு மூடப்பட்ட கதவுகள்

 

மதுவைக் கட்டுப்படுத்தினால் கொலையும் அடிதடியும் குறையுமா? இக்கேள்விக்குப் பிரேஸில் நாட்டின் நகரமொன்று விடை தருகின்றது.

சாவோ பாலோ மாநகரை அடுத்துள்ள டியடேமா, தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். 2000ஆம் ஆண்டளவில் அங்கு சுமார் மூன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1999இல் அங்கு ஓர் இலட்சம் பேருக்கு நூறுக்கும் அதிகமான கொலைகள் பதிவாகின. அவற்றுள் அரைவாசிக்கும் மேற்பட்டவை இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் நிகழ்ந்தவை என்பது தெரியவந்தது.

ஆகவே, அந்நேரத்தில் மது விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை 2002இல் நகரசபை இயற்றியது. முதலில் அதிகாரிகள் கடை கடையாகச் சென்று விளக்கமளித்தனர்; பொதுமக்களுக்கும் அறிவூட்டினர். ஜூலையில் சட்டம் அமுலுக்கு வந்ததும், இரவுதோறும் சோதனை நடைபெற்றது. பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சட்டத்தின் பயனாக மாதமொன்றுக்கு ஏறத்தாழ 9 கொலைகள் தவிர்க்கப்பட்டதாகக் கண்டனர். அக்காலத்தில் மாநிலம் முழுவதிலும் கொலைகள் குறைந்து வந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதற்கு மாறானது அமெரிக்காவின் அனுபவம். 1920இல் நாடு முழுவதும் மது தடைசெய்யப்பட்டது. குடிப்பழக்கம் ஓரளவு குறைந்தது. எனினும் மதுவை விரும்பியோர் பலர்; சட்டத்தைக் காக்கவேண்டிய அதிகாரிகளுள் இலஞ்சம் பெற்றோரும் பலர். கள்ளச் சந்தை கொலைக் கும்பல்களின் கைக்குச் சென்றது. 1929 பெப்ரவரி 14இல் சிக்காகோவில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1933இல் தடை நீக்கப்பட்டது.

மதீனாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மதுவிலக்கு அங்கு படிப்படியாகவே அருளப்பட்டது. உள்ளங்கள் பக்குவமடைந்திருந்தமையால், இறுதிக் கட்டளை வந்த அன்று மக்கள் தம் கைகளாலேயே மதுவை வீதிகளில் கொட்டினர்.

பெற்றோர்களே! சட்டம் கடையின் கதவை மூடலாம். பிள்ளையின் உள்ளத்தைப் பக்குவப்படுத்துவது உங்கள் பொறுப்பு. இரவு 11 மணிக்கு உங்கள் மகன் எங்கே, யாருடன் இருக்கிறான் என்பதை அறிந்திருக்கிறீர்களா? இளைஞர்களே! போதையில் ஒரு கணம் ஓங்கிய கை, ஒரு தாயைப் பிள்ளையற்றவளாக்கிவிடும். அந்தக் கை உங்களுடையதாக இருக்க வேண்டாம்.