எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எந்த வழி? பல்கலைக்கழக நுழைவின் சுருக்க வரலாறு



தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்குப் போவது சுலபம். பல்கலைக்கழகத்துக்குப் போவதுதான் குழப்பம். மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, டிப்ளோமாவா? "யாரும் சொல்லல சார்" என்று ஒரு மாணவர் சொன்னால், அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வழிகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முடிவுகளால் உண்டானவை. எது எப்போது வந்தது என்று தெரிந்தால், எதில் போகலாம் என்பதும் தெளிவாகும்.

1. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு

1956 ரசாக் அறிக்கை, 1960 ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961 கல்விச் சட்டம். இந்த மூன்றையும் வரிசையாக நினைவில் வையுங்கள். இவற்றுக்குப் பிறகு தமிழ்ப்பள்ளி ஆரம்பப்பள்ளியாகவே நிலைத்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மலாய் அல்லது ஆங்கிலம்தான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மொழிக்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தார்கள். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளும் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின.

இன்றைக்கு இதன் பொருள் என்ன? மலாய்மொழியில் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் கதை முடிந்தது. யூ.பி.எஸ்.ஆர். 2021-லும் பி.டி.3 2022-லும் நீக்கப்பட்டன. அதனால் பல பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசுத் தேர்வு. தேர்வு அறையின் பயமும் அங்கேதான் முதல் முறை.

2. இடங்கள் பங்கிடப்பட்ட கதை

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1962-இல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக ஆனது. 1969-இல் பினாங்கிலும் 1970-இல் தேசியப் பல்கலைக்கழகமும் வந்தன. 1969 மே கலவரத்துக்குப் பின், 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆம் விதியில் 8ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இடங்கள் பற்றாக்குறையாக இருக்கும் உயர்கல்வி நிலையங்களில் பூமிபுத்ராக்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க அது வழிசெய்தது. எத்தனை நல்ல மதிப்பெண் வாங்கினாலும் இடம் கிடைக்காத தமிழ்க் குடும்பங்களின் ஆதங்கம் அந்தக் காலத்தில் வேர்விட்டது.

2002-இல் அரசு பல்கலைக்கழகங்களுக்குத் தகுதி அடிப்படை வந்தது. 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. ஆனால் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்ற இரண்டு வேறு தேர்வுகளை ஒரே தராசில் நிறுத்துவது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

3. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம்

மெட்ரிகுலேஷன் 1990களின் இறுதியில் கல்வியமைச்சின் கீழ் வந்தபோது அது பூமிபுத்ராக்களுக்கானது. 2003-இல் 10 விழுக்காடு மற்றவர்களுக்குத் திறந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்றும், 2018-இல் 2,200 இடம் என்றும் அறிவிப்பு வந்தது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். விகிதம் 90:10 ஆகவே இருந்தது. 2024-இல், 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார்.

எண்களைப் பாருங்க. அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகின்றன. சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி நம் கோலலங்காட் மாவட்டத்திலேயே, பந்திங்கில் இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பி மாணவரை உட்கார வைக்காதீர்கள்.

1982-இல் எச்.எஸ்.சி.க்குப் பதிலாக வந்த எஸ்.டி.பி.எம்.மில் இன ஒதுக்கீடு இல்லை. 2012 முதல் மூன்று பருவமாகப் பிரித்து எழுதலாம். "ஆறாம் படிவம் கஷ்டம்" என்பது பழைய முறையைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்த பேச்சு. உழைப்பு வேண்டும், உண்மைதான். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ் அது.

4. தமிழ்த் தாளை விடலாமா?

2009-இல் எஸ்.பி.எம். பாடங்களை 10-க்குள் அடக்கப் போவதாக அரசு அறிவித்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று தமிழ் அமைப்புகள் போராடின. அந்த ஆண்டின் இறுதியில் 12 வரை எடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அப்படிப் போராடி வைத்துக்கொண்ட தாளை, "ஏ குறைஞ்சிடும்" என்ற பயத்தில் நாமே விடுவதா?

ஒன்றை யோசியுங்கள். தமிழாசிரியர் பயிற்சிக்கு எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி படிக்கவும் அது வேண்டும். 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் தமிழ் படித்த மாணவரை நம்பித்தான் இருக்கிறது. இன்று படிவம் 5-இல் தமிழ் எழுதுபவர் குறைந்தால், நாளை கேரித் தீவிலும் பந்திங்கிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு "அ" சொல்லித்தர யார் வருவார்?

5. வகுப்பில் செய்ய வேண்டியவை

ஆசிரியர்களே, முடிவு வந்த பிறகு வழிகாட்டுவது தாமதம். படிவம் 4-லேயே தொடங்குங்கள்.

• மேலே உள்ள ஆண்டுகளை மாணவரே காலக்கோடாக வரையட்டும். வரலாற்றுத் தாளுக்கும் உதவும்.
• புறப்பாடச் சான்றிதழ்களுக்கு ஒரு கோப்பு வைக்கச் சொல்லுங்கள். அந்த 10 விழுக்காடு அதில்தான் இருக்கிறது.
• மெட்ரிகுலேஷன், யூ.பி.யு. விண்ணப்பத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பெற்றோரிடமும் சொல்லுங்கள்.
• இடம் கிடைக்கவில்லையென்றால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் கடைசி நாள் உண்டு.

மாணவர்களே, உங்களுக்கு முன்னால் போனவர்கள் விதி மாறும் வரை காத்திருந்தார்கள், கேட்டார்கள், போராடினார்கள். இப்போது விதி எழுத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். புரியவில்லையென்றால் தயங்காமல் ஆசிரியரிடம் கேளுங்கள்.