பல் கழன்று விழுதல்

பல் கழன்று விழுதல் என்பது அடிபடுவதால் பல்லானது வேருடன் பற்குழியை விட்டு முழுமையாக வெளியேறுவதைக் குறிக்கும். இது சிறுவர்களுக்கு ஏற்படும் பல் மருத்துவ அவசர நிலைகளுள் முக்கியமானது. கீழே விழுதல், விளையாட்டு, மிதிவண்டி விபத்து ஆகியன பொதுவான காரணங்களாகும். மேல்தாடையின் நடு வெட்டுப்பற்களே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன.

காலத்தின் முக்கியத்துவம்

பல்லின் வேரைத் தாடை எலும்புடன் இணைக்கும் நார்களின் உயிரணுக்கள், கழன்ற பல்லின் வேரிலும் ஒட்டியிருக்கும். இவை உயிருடன் இருந்தால் பல் மீண்டும் இயல்பாகப் பொருந்தக்கூடும். பல் உலர்ந்த நிலையில் 60 நிமிடங்களுக்கு மேல் இருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை இறந்துவிடும்.

பாற்பல்லும் நிரந்தரப் பல்லும்

கழன்ற பாற்பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது. அவ்வாறு செய்வது அதன் அடியில் வளரும் நிரந்தரப் பல்லைப் பாதிக்கலாம். நடு வெட்டுப்பற்களில் நிரந்தரப் பற்கள் பொதுவாக 6 முதல் 8 வயதுக்குள் முளைக்கின்றன. எந்தப் பல் என்பதில் ஐயம் இருப்பின், பல்லைப் பொருத்தாமல் பாலில் இட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லலாம்.

நிரந்தரப் பல்லுக்கான முதலுதவி

* குழந்தை மயக்கமடைந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
* பல்லை அதன் வெண்ணிற மேற்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது.
* அழுக்கு இருந்தால் பால் அல்லது சலைன் கரைசலில் மென்மையாக அலச வேண்டும். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது.
* பல்லை உடனே குழியில் பொருத்தி, தூய துணியைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.
* பொருத்த இயலாவிடின் குளிர்ந்த பாலில் இட வேண்டும். பால் இல்லையெனில் குழந்தையின் உமிழ்நீரில் வைக்கலாம். சாதாரண நீரில் உயிரணுக்கள் வீங்கி வெடிக்கும் என்பதால் அதில் சேமித்தல் ஏற்றதன்று.
* உடனடியாகப் பல் மருத்துவரை அணுக வேண்டும்.

மருத்துவம்

பொருத்தப்பட்ட பல், வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பியால் அருகிலுள்ள பற்களுடன் பொதுவாக இரண்டு வாரங்களுக்குப் பிணைக்கப்படும். வேர் முழு வளர்ச்சி அடைந்த பல்லுக்கு இரண்டு வாரங்களுக்குள் வேர்ச் சிகிச்சை தொடங்கப்படும். வேர்நுனி மூடாத இளம் பல்லில் இரத்த ஓட்டம் மீள வாய்ப்புள்ளதால், அது முதலில் கண்காணிக்கப்படும். ஏற்பூசி (டெட்டனசு) தடுப்பூசி நிலையும் சரிபார்க்கப்படும்.

பின்விளைவுகள்

நார் உயிரணுக்கள் இறந்த பல், எலும்புடன் நேரடியாக ஒட்டி, காலப்போக்கில் வேர் கரையக்கூடும். வளரும் குழந்தையில் அப்பல் மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து காணப்படும். ஆயினும் அது சில ஆண்டுகளேனும் தாடை எலும்பைப் பேண உதவும். எனவே காலம் கடந்திருந்தாலும் கழன்ற நிரந்தரப் பல்லை எறிந்துவிடக் கூடாது.