கனேபோரோஸ்

பண்டைக் கிரேக்கச் சொல். 'கனேயோன்' நாணலால் முடைந்த கூடை, 'பெரேயின்' சுமத்தல். ஆக, கூடை சுமப்பவள். ஏதென்ஸின் பானதெனயா விழா ஊர்வலத்தில் உயர்குடிக் கன்னி ஒருத்தி தலையில் ஏந்திச் செல்லும் அந்தக் கூடையில் பார்லி நிறைந்திருக்கும். அதற்கடியில் பலிக்கத்தி மறைந்திருக்கும். கூடை சுமக்க வரச்சொல்லிவிட்டு, தகுதியில்லை என்று ஹார்மோடியஸ் என்ற ஏதென்ஸ் இளைஞனின் தங்கையை நகரின் ஆட்சியாளர் குடும்பத்தினர் திருப்பி அனுப்பினார்கள். கி.மு. 514இல் அந்தக் குடும்பத்தின் ஹிப்பார்க்கஸ் ஹார்மோடியஸ் கையால் கொல்லப்பட்டதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கூடைக்குள் கத்தி இருந்தது சும்மா இல்லை போலும்!

'கனேயோன்' பிறந்தது 'கன்னா' என்ற நாணற்பெயரிலிருந்து. அது செமித்திய மொழிகள் தந்த கடன். அதிலிருந்து பிறந்த இன்னொரு கூடைப்பெயர் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய் 'கனிஸ்ட்ரம்' ஆனது. ஆங்கிலம் அதைத் தகர டப்பாவுக்குச் சூட்டியது: கேனிஸ்டர்.