நெளுக்குளத்துக் கல்வெட்டும் மலேசிய முரசும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் மேற்கே வந்தால் நெளுக்குளம். இந்தப் பக்கத்தில் ஒரு செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாளுக்குள் 'கல்வெட்டு' எனப்படும் நினைவு மலர் அடித்தாக வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்பவர் கணினியில் தெரிவு செய்யும் எழுத்துரு பெரும்பாலும் பாமினிதான்.

பாமினியில் 'அம்மா' என்று அடிக்க ஆங்கில விசைகள் ஐந்து வேண்டும்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினி சேமித்து வைப்பதும் இந்த ஐந்து குறிகளைத்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது, அவ்வளவே. அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமற்போவாள். அந்த ஐந்து குறிகள்தான் மிஞ்சும்.

இந்த நிலை ஏன் வந்தது என்று அறிய 1980களுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் வேர்ட்ஸ்டார் போன்ற சொற்செயலிகள் விற்பனையாகிக்கொண்டிருந்த காலம். தமிழில் எழுத ஒன்றுமில்லை. அன்றைய கணினியில் எழுத்துக்கென்று இருந்தவை 256 இடங்கள். ஆங்கிலத்துக்கும் இலக்கங்களுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் முதற்பாதி போக, மிஞ்சியது 128. தமிழுக்கோ 247 எழுத்துகள், அவற்றோடு கிரந்தமும். ஆகவே கொம்பு, கால், புள்ளி என்று எழுத்தைத் துண்டுகளாகப் பிரித்து, திரையில் மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவுசெய்தார்கள்.

கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். மலேசியாவில், கவிஞர் முரசு நெடுமாறனின் மகனும் பொறியியலாளருமான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்ற செயலியைத் தொடங்கினார். தமிழுக்கென்று மென்பொருள் செய்து வெளியிட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். பின்னர் மின்னஞ்சலுக்கு ஏற்றதாக 'முரசு அஞ்சல்' வந்தது. 'அம்மா' என்பதை ஒலிக்கிறபடியே ஆங்கில எழுத்துகளில் அடித்தால் தமிழாக விழும் அதன் விசைப்பலகை, தமிழ்த் தட்டச்சு பழகாதவர்களையும் எழுத வைத்தது. உலகெங்கும் சிதறியிருந்த தமிழருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை, முதன்முதலாகத் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் அறிவார்கள்.

ஆனால் முரசில் எழுதியதை முரசு இல்லாதவர் படிக்க முடியவில்லை. மயிலை எழுத்துருவுக்கும் இதே கதி, பாமினிக்கும் இதே கதி. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ் இணைய மாநாட்டில் இந்தச் சிக்கல் மேசைக்கு வந்தது. பின்னர் இணையத்தில் தமிழர்கள் பலர் கூடிப் பேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் மயிலையை உருவாக்கிய கு. கல்யாணசுந்தரமும் முத்து நெடுமாறனும் அந்த முயற்சியில் இருந்தவர்கள். முரசு அஞ்சல் அந்தப் பொதுக் குறியீட்டை ஏற்றது. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறிக்கும் (யூனிகோட்) மாறியது. வாடிக்கையாளரைத் தன் பூட்டுக்குள் வைத்திருப்பதில்தான் மென்பொருள் வணிகத்தின் இலாபம் என்று நினைக்கப்பட்ட காலம் அது. அப்போது பூட்டைத் திறந்துவிட்டதே முரசின் ஆகப் பெரிய சாதனை.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. கணினிகள் அதைக் காட்டத் தொடங்கத்தான் மேலும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. 2005இல் கைபேசிக்கு முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வந்தது. அப்பிள் கணினியிலும் கைபேசியிலும் உள்ள தமிழ்ச் சங்கம் எம்.என். என்ற எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் முத்து நெடுமாறனைக் குறிப்பவை. அதே வரிசையில் சிங்கள எழுத்துருவும் அவர் வடித்ததே. இலங்கையில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

இவ்வளவும் வந்த பின்னும் ஈழத்து அச்சகங்கள் பாமினியை விடவில்லை. பழகிய கை, பழைய மென்பொருள், அச்சில் அழகு என்று காரணங்கள் உண்டு. அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இழப்பு பெரிது. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பத்திரங்களையும் படங்களையும் தொலைத்த வன்னியில், பல குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைப் பெயர்கள் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் ஒரு கல்வெட்டுத்தான். பாமினியில் கிடக்கும் கோப்பில் அப்பப்பாவின் பெயரைத் தேடினால் எந்தத் தேடுபொறிக்கும் அது அகப்படாது.

ஆகவே நெளுக்குளத்திலோ வேறு எங்கோ கல்வெட்டு அடிக்கக் கொடுப்பவர்கள், அச்சுப் பிரதியோடு ஒருங்குறிக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றியைச் சுரதா என்பவர் எப்போதோ செய்து இலவசமாகத் தந்துவிட்டார். வெட்டி, ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். பிரதிகளில் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் நினைவு மலர்களையும் அவர்கள் சேர்த்துவருகிறார்கள்.