குழாய்க்குள் உறையாத குருதி

டயலிசிஸ் இயந்திரத்தில் குருதி உடம்பை விட்டு வெளியே வந்து, பிளாஸ்டிக் குழாய்களுக்குள் சுற்றி, திரும்பவும் உள்ளே போகிறது. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் தன் குருதிக்கலனின் சுவரைத் தவிர வேறெதைத் தொட்டாலும் குருதி உறையத் தொடங்கிவிடும். காயம் பட்டால் நம்மைக் காப்பாற்றுவது அந்தக் குணம்தான். குழாய்க்குள் அதுவே உயிருக்கு ஆபத்து.

1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடினார். கிடைத்ததோ நேர் எதிரானது. நாயின் ஈரலிலிருந்து எடுத்த ஒரு பொருள் உறைதலைத் தடுத்தது. ஹெப்பரினின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கிரேக்க மொழியில் 'ஹெப்பார்' என்றால் ஈரல்.

1943இல், ஜெர்மனியரின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வைத்தியர் வில்லெம் கொல்ஃப் சொசேஜ் செய்யப் பயன்படும் செலோபேன் உறையைக் கொண்டு செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். அதற்குக் கைகொடுத்தது ஹெப்பரின்.

ஆனால் குருதியில் கலந்த ஹெப்பரின் குழாயோடு நிற்காது, உடம்பெல்லாம் போகும். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவருக்குக் குருதிப்பெருக்கே வந்துவிடலாம். அப்படியானால் மருந்தைக் குழாயின் சுவரிலேயே பூசிவிட்டால் என்ன?

1960களின் தொடக்கத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் வின்சென்ட் கொட், செயற்கை இதய வால்வுக்கு ஏற்ற பொருளைத் தேடி, பிளாஸ்டிக் வளையங்களை நாய்களின் பெருநாளத்தில் வைத்துப் பார்த்தார். வெறும் பிளாஸ்டிக் அடைபட்டது. காரீயம் பூசி, பென்சல்கோனியம் என்ற கிருமிநீக்கித் திரவத்தில் நனைத்து, ஹெப்பரினில் கழுவிய வளையமோ அடைபடவில்லை. காரீயம் பென்சல்கோனியத்தைப் பிடித்தது. நேரேற்றமுள்ள பென்சல்கோனியம் மறையேற்றமுள்ள ஹெப்பரினைப் பிடித்தது. கிருமிநீக்கியே பசையாகிவிட்டது! 1963இல் இந்த ஆய்வு வெளியானது.

அந்தப் பிடி உறுதியானதல்ல. ஓடும் குருதியில் ஹெப்பரின் மெல்ல மெல்லக் கழன்றது. 1983இல் சுவீடனின் லார்ம், லார்சன், ஒல்சன் ஆகியோர் ஹெப்பரின் மூலக்கூறின் ஒரு முனையை மட்டும் மேற்பரப்பில் இரசாயனப் பிணைப்பால் கட்டினார்கள். மிகுதிப் பகுதி, வேரூன்றிய நீர்ப்பாசி போல, குருதிக்குள் அசைந்தபடி தன் வேலையைச் செய்தது. இதய நுரையீரல் இயந்திரக் குழாய்களுக்கும் இந்தப் பூச்சு வந்து சேர்ந்தது.

குருதிக்கலனின் உட்சுவருக்கு நிகரான ஒன்றை இன்னும் எவரும் செய்துவிடவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மருந்து கைக்கு வந்தது 1916இல். அதை எங்கே, எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொள்ள மேலும் 67 வருடங்கள். பரீட்சைக்கு நாம் கற்பிப்பது பெரும்பாலும் அந்த முதல் வருடத்தை மட்டும்தான்.