கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன கணிதம் வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கீரப்பாளையம் சுற்றுவட்டாரப் பெற்றோர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், பையனுக்குக் கணக்கு வராது. கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா?"

கணக்கு இல்லாமல் கம்ப்யூட்டர் இல்லை என்பதே நமது பதில். 'அல்காரிதம்' என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவருடைய இயற்கணித நூலின் பெரும்பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள்தாம். நாம் கலைப் பட்டதாரி. மதரஸாவில் ஃபராயிள் பாடத்தில் பின்னங்களோடு போராடியபோதுதான் கணிதத்தின் அருமை நமக்குப் புரிந்தது.

எந்தக் கணிதம்?

1. கணங்கள், தர்க்கம், வரிசை மாற்றம், சேர்மானம்: நிரல் எழுதும் சிந்தனைக்கு இவையே அடித்தளம். அகர வரிசையிலுள்ள 1000 பெயர் கொண்ட ஜமாஅத் பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட, ஒவ்வொரு முறையும் நடுவில் பார்த்துப் பாதியை ஒதுக்கினால் அதிகபட்சம் 10 பார்வை போதும்.
2. அணிகள்: படங்கள், விளையாட்டுகள், செயற்கை நுண்ணறிவு.
3. நிகழ்தகவு, புள்ளியியல்: தரவு அறிவியல்.
4. நுண்கணிதம்: இயந்திரக் கற்றல்.

இவற்றின் தொடக்கப் பாடங்கள் நமது மேல்நிலைக் கணிதப் புத்தகங்களிலேயே உள்ளன.

குரூப் எடுக்கும்போது கவனம்

தமிழக பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்திற்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டால் இந்தக் கதவு பெரும்பாலும் அடைபடும்.

விட்டுவிட்டவர்களும் நிராசை அடைய வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியவரும் சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அங்கும் முதல் கட்டத்திலேயே கணிதமும் புள்ளியியலும் உண்டு.

மற்ற திறன்கள்

பைத்தான் அல்லது சி, ஏதேனும் ஒரு மொழியை ஆழமாகக் கற்கட்டும். ஆங்கிலத்தில் வாசித்து எழுதப் பழகட்டும். தானே சிறு செயலி ஒன்றைச் செய்து பார்க்கட்டும். ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பிறர் தகவல் நம் கையிலிருக்கும் அமானிதம் என்ற உணர்வும் இந்தத் துறைக்கு வேண்டிய திறனே.

பெற்றோர்களே, "கணக்கு வராது" என்று பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போட வையுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும்.