அனுப்புபெட்டியில் நின்றுபோன மூன்று மடல்கள்

எங்கள் ஆய்வறை இழுப்பறையில் பழைய பொத்தான் கைப்பேசி ஒன்று கிடக்கிறது. முன்பு இங்கே ஆய்வு செய்த ஒருவர் களப்பணிக்குப் பயன்படுத்தியது. அண்மையில் மின்னேற்றிப் பார்த்தபோது அனுப்புபெட்டியில் மூன்று மடல்கள் அப்படியே நின்றிருந்தன. அவற்றுள் ஒன்று நெறியாளரிடம் காலநீட்டிப்புக் கோரியது. அதே நாள்களில் அவருக்கு வந்த மடல்களோ உள்பெட்டியில் ஒழுங்காக இருந்தன. அமைப்புகளைத் திறந்தேன். உள்வரும் வழங்கிக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. வெளிச்செல்லும் வழங்கிக்கு அவ்விடங்கள் வெறுமை. போர்ட் எண் 25.

இவ்வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு.

மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி, ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 ஆக 1982 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் கட்டளைகள் நான்கெழுத்துச் சொற்கள். உரையாடலைத் தொடங்கும் 'ஹலோ'கூட ஓர் ஆங்கில எழுத்தை இழந்துதான் உள்ளே நுழைந்தது. (மொழியியல் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) முகமன், அனுப்புநர், பெறுநர், செய்தி என்று உரையாடல் நகரும். அனுப்புநரிடம் சான்று கேட்கும் கட்டளை அதில் இல்லை. அவர் சொன்ன முகவரியே முகவரி. இதைக் கவனக்குறைவு என்பது எனக்கு உடன்பாடன்று. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் புழங்கிய அன்றைய வலையமைப்பில், ஒருவர் மடலை இன்னொருவர் வழங்கி வாங்கிக் கடத்திவிடுவது அண்டைவீட்டு உதவி. மடலைப் பெறுவதற்கான பாப் வேறு நெறிமுறை. பிறர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதால் அது கடவுச்சொல் கேட்டது. ஒரே கணக்குக்கு இரண்டு வழங்கிகளை நாம் நிரப்ப நேர்ந்தது இப்பிரிவினால்தான்.

1990களில் குப்பை மடல்கள் பெருகியதும், யாருக்கும் கடத்தித்தரும் வழங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் ஆளை அடையாளம் காண நெறிமுறையில் வழியில்லை. எனவே இடத்தைக் கொண்டு ஆளை அறிந்தனர்: தம் வலையமைப்பின் ஐபி முகவரியிலிருந்து வந்தால் ஏற்பு, வெளியிலிருந்து வந்தால் மறுப்பு. மேசைக் கணினிக்கு அது போதும். ஊர் ஊராகக் கையோடு போகும் கருவிக்கு அதுவே பகையாயிற்று. ஜிபிஆர்எஸ் வழியே வரும் மடல், பல்கலைக்கழக வழங்கியின் கண்ணுக்கு அந்நியர் மடல். 'முதலில் மடலைப் பெறுக, உடனே அனுப்புக' என்றோர் உபாயமும் வழங்கியது: பாப் கடவுச்சொல்லை ஏற்ற வழங்கி, அந்த ஐபி முகவரிக்குச் சிறிது நேரம் அனுப்பவும் இடந்தரும்.

1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2476, பயனர் தம் மடலை ஒப்படைப்பதற்கென 587ஆம் போர்ட்டை வகுத்தது. வழங்கிகளுக்கிடையிலான போக்குவரத்துக்கு 25 நின்றது. 1999 மார்ச்சில் ஆர்எஃப்சி 2554, சான்று கேட்கும் 'ஆத்' கட்டளையைச் சேர்த்தது. அதுவும் நான்கெழுத்துத்தான்! 465ஆம் போர்ட்டின் கதை விசித்திரமானது: 1997இல் பதிவாகி, விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டு, 2018இல் ஆர்எஃப்சி 8314 வழியாக மீண்டும் பரிந்துரை பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அதைப் பயன்படுத்துவதை யாரும் நிறுத்தவில்லை.

என் கணக்கைக் கொண்டு, அக்கைப்பேசியில் 587ஐயும் கடவுச்சொல்லையும் இட்டுப் பார்த்தேன். இப்போதும் போகவில்லை. அக்கருவிக்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 வரைதான், 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

மூன்று மடல்களையும் பார்த்துத் தட்டச்சு செய்து, எழுதியவருக்கே அனுப்பிவைத்தேன். மறுநாள் அழைத்துப் பேசினார். காலநீட்டிப்புக் கேட்டும் நெறியாளர் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை என்ற மனத்தாங்கலோடுதான் இத்தனை ஆண்டும் இருந்தாராம்.